தேதி போடாத கட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை, என் மருமகளுடையது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்பது கௌரவமான சொல். பிடுங்கினேன் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

மாமியார் மருமகளைப் பற்றிக் கதை எழுதுகிறாள் என்றதும் உங்கள் மூக்குக்கு ஒரு வாசனை எட்டியிருக்கும். அதை மறந்துவிடுங்கள். எங்களுக்குள் சண்டையே வராது என்று புளுகமாட்டேன். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் தினமும் வருகிறது. ஆனால் இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை.

இன்னொன்று. இதில் யாரும் சாகமாட்டார்கள். முப்பது வருஷம் ஓர் அச்சகத்தில் அடுத்தவர் எழுதியதைப் பிழை திருத்தியவள் நான். கதையை முடிக்கத் தெரியாமல் கடைசிப் பக்கத்தில் ஆளைத் தீர்த்துக்கட்டுகிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் டீயைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

2

எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் ஒரு வாரம் போயிற்று. முதல் தொடக்கம் இது:

[வானமெங்கும் செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றும் தன் தனிமையைச் சுமந்துகொண்டு, எல்லையற்ற இருளில்—]

சமையலறை மேசையில் கிடந்த தாளை மருமகள் எடுத்துப் படித்தாள். அதுகள் தனியாக எல்லாம் போகவில்லை, ஒன்றோடொன்று பேசிக்கொண்டேதான் போகின்றன, அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்தத்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

[பத்து நாற்பதுக்கு மழை பிடித்தது. பத்து நாற்பத்தொன்றுக்கு அவளுடைய உலகமே—]

உலகமே என்று எழுதினதும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் இல்லை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மருமகளின் வேலை வழி போடுவது. கேபிள் போகாத இடங்களுக்கு வானத்தின் வழியாக நெட் கொடுக்கிற கம்பெனி. வீட்டுக்கூரையில் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய தட்டு ஒன்று இருக்கும். அது மேலே போகிற செயற்கைக்கோளைப் பார்த்துப் பேசும். அந்தக் கோள் சில நிமிஷத்தில் தலைக்கு மேலே கடந்து போய்விடும். அதற்குள் அடுத்தது வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தது இன்னொன்றுக்குக் கொடுக்கும், அது வேறொன்றுக்கு. கடைசியில் எங்கோ ஒரு தரை நிலையத்தில் இறக்கிவிடும். அங்கேயிருந்து எல்லோரும் போகிற சாதாரணக் கேபிளில் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஓடுகிற பஸ்ஸுக்குப் பொட்டலத்தை வீசுகிற கணக்குதான். எதிலிருந்து எதற்கு வீசுவது, எங்கே இறக்குவது என்பதைக் கால் நிமிஷத்துக்கு ஒரு தடவை மிஷின் புதிதாக முடிவு செய்கிறது.

மிஷினே முடிவு செய்தால் நீ எதற்கு என்று கேட்டேன். வெடுக்கென்று கேட்டுவிட்டேன், ஆனால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"மிஷின் தப்பா முடிவு பண்ணா நான் தலையிடணும், அத்தை. சரியா முடிவு பண்ணா தலையிடாம இருக்கணும். ரெண்டாவதுதான் கஷ்டம்."

கதை முழுக்க அந்த ரெண்டாவதில்தான் இருக்கிறது.

3

அவளுக்கு ஒரு தம்பி. வானிலை அளக்கிற உத்தியோகம். கரையிலிருந்து வெகு தூரத்தில் ஒரு சின்னத் தீவு. அதன் மேட்டில் ஒரு ஓட்டு வீடு, காற்று அளக்கிற கம்பம், மழை அளக்கிற குவளை. அவனும் அவன் மனைவியும் மட்டும்தான் குடியிருப்பு. அடுத்த மனிதரைப் பார்க்க முக்கால் மணி நேரம் படகில் போக வேண்டும். கரைக்குப் போகிற கப்பல் பதினைந்து நாளுக்கு ஒன்று, வெள்ளிக்கிழமையில். தம்பி பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான் என்று என் மகன் கிண்டல் செய்வான். பேச ஆள் இல்லாத இடத்தில் உத்தியோகம் பார்க்கிறவன் வேறு என்ன செய்வான்?

கல்யாணமாகி பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. தத்து எடுக்க எழுதிப்போட்டு, நடையாய் நடந்து, கடைசியில் ஏழு வயசுப் பெண் ஒருத்தியை ஆறு மாதம் உங்களோடு வைத்துப் பாருங்கள் என்று குழந்தைகள் இல்லத்தில் அனுப்பிவைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வாலு என்று பெயர் வைத்தது தம்பியின் மனைவி. வைத்த முதல் நாளே பெயர் நிலைத்துவிட்டது. அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீடியோவில் பேசினால் நமக்குத் தெரிவது ஒரு முழங்கால், பிறகு நாற்காலியின் முதுகு, பிறகு கூரை.

[இந்த இடத்தில் வாலுவின் இளமைத் துயரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளுக்கு அந்தப் பத்தி பிடிக்காது என்று தோன்றியது. எடுத்துவிட்டேன்.]

அவளுக்குப் பள்ளிக்கூடம் நெட் வழியாகத்தான். வேறு வழி கிடையாது. சிக்கலும் அங்கேதான் வந்தது. முதல் விசாரணையில், நீதிபதி அம்மா கோர்ட்டிலிருந்து பேச, இவர்கள் தீவிலிருந்து பேச, படம் இரண்டு தடவை உறைந்து நின்றுவிட்டது. தம்பி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றானாம். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. இந்தப் பிள்ளை படிக்கப் போவதே இந்த லைனில்தானே, லைன் இப்படி நின்று நின்று வந்தால் அவள் எப்படிப் படிப்பாள் என்று கேட்டார். அடுத்த விசாரணையில் பார்க்கிறேன், அன்றைக்கும் இப்படியானால் இந்த வீடு பிள்ளைக்கு ஏற்றதில்லை என்றுதான் எழுத வேண்டிவரும் என்றும் சொல்லிவிட்டார்.

அப்படி எழுதிவிட்டால், அந்த வாரத்து வெள்ளிக்கிழமைக் கப்பலில் வாலு திரும்பிப் போக வேண்டும்.

4

இப்போது என் மருமகள் செய்த தப்பு.

அவர்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. சில சமயம் மிஷினின் இஷ்டத்துக்கு விடாமல், இந்த லைன் இந்தத் தரை நிலையம் வழியாகத்தான் போக வேண்டும் என்று கையால் ஒரு உத்தரவு எழுதிவைப்பார்கள். அதற்குக் கட்டு என்று பெயர். கட்டுப் போட்டால் இரண்டு விஷயம் எழுதியே ஆக வேண்டும்: போட்டவர் பெயர், அவிழ்க்கிற தேதி. ஒருவர் போட்ட கட்டை அவரைக் கேட்காமல் இன்னொருவர் அவிழ்க்கக் கூடாது. ஒரு தடவை யாரோ, இது வேண்டாத கட்டு என்று தானாக நினைத்து அவிழ்க்கப்போய், ஒரு மருந்துக் கிடங்கு அரை நாள் தொடர்பில்லாமல் கிடந்ததாம்.

அவர்களுடைய மேலாளருக்கு இந்தத் தேதி விஷயத்தில் பைத்தியம். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட முதலில் தேதியைத்தான் பார்ப்பார். அவருக்கு அறையில் பெயரே தேதி சார். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் எல்லோரையும் நிற்கவைத்து, இருக்கிற கட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பார். இது யாருடையது, இன்னும் வேண்டுமா, எப்போது அவிழ்ப்பாய்? இன்னொரு கண்டிப்பும் அவருக்கு உண்டு. சொந்தக்காரர் லைனில் யாரும் கை வைக்கக் கூடாது.

மருமகள் கை வைத்தாள். முதல் விசாரணையில் படம் உறைந்தது ஏன் என்று நோண்டிப் பார்த்தாள். மிஷின் ஒரு தரை நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு வழி மாற்றின அதே நொடியில்தான் உறைந்திருக்கிறது. மாறினால்தானே உறையும்? மாறாமல் இருக்கட்டும். மூன்றாம் நிலையம் நன்றாக வேலை செய்கிறது. தம்பி வீட்டு லைனை மூன்றாம் நிலையத்தோடு கட்டினாள். கட்டிவிட்டு, மாற்று வழி வேண்டாம் என்ற கட்டத்திலும் டிக் அடித்தாள். திங்கட்கிழமை படிக்கிற பட்டியலில் வராமல் இருக்க, சோதனை என்ற தலைப்பில் போட்டாள். பெயர் எழுதவில்லை. தேதியும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு எட்டு திங்கட்கிழமைகள். தேதி சார் பட்டியல் படிக்கிறபோதெல்லாம் திரையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவளை, டயட் இருக்கிறாயாக்கும் என்று நான் கேலி செய்திருக்கிறேன். எனக்கு ஒரு எழவும் தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். [இந்த வரியைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.]

* ஒரு அடிக்குறிப்பு, தவறாமல் படியுங்கள். வழி போடுகிறவர்களுக்கு உள்ளே போகிற பேச்சு கேட்காது, படமும் தெரியாது. எல்லாம் பூட்டின பெட்டியாகத்தான் போகும். எவ்வளவு போகிறது என்ற எண் மட்டும் திரையில் தெரியும். ஆனால் அந்த எண்ணுக்கும் ஒரு குணம் இருக்கிறது. வீடியோவில், படத்தில் எது அசைகிறதோ அதைத்தான் புதிதாக அனுப்புவார்களாம். ஆள் ஆடாமல் அசையாமல் இருந்தால் எண் இறங்கும். குதித்தால் ஏறும். தம்பி வீட்டிலிருந்து புறப்படுகிற எண், வாலு வகுப்பில் இருக்கிற நேரத்தில், மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். மருமகள் வேலைக்கு நடுவே அதை ஒரு ஓரத்தில் திறந்துவைத்துக்கொள்வாள். அதுவும் தப்புதான். "வாலு கிளாஸ்ல இருக்கா" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாளாம்.

5

விசாரணை பதினோரு மணிக்கு. மருமகள் அன்றைக்குக் காலையிலேயே பணியில். தம்பி வீட்டு லைன் பச்சை. எண் நான்கு, ஐந்து, நான்கு. காலை வகுப்பு நடக்கிறது, வாலு புதுச் சட்டை போட்டுக்கொண்டு அந்த அறையை அளந்துகொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து நாற்பதுக்கு மூன்றாம் நிலையத்தில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, கொட்டித் தீர்க்கிற மழை. அப்படிக் கொட்டினால் தரை நிலையத்துக்கும் வானத்துக்கும் நடுவே பேச்சு அறுந்துபோகும். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதற்குத்தான் மிஷின் இருக்கிறது. அறையில் மழை அலாரம் அடித்தது. மூன்றாம் நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த நாற்பதாயிரம் லைன்களையும் அள்ளி வேறு நிலையங்களுக்கு மாற்றிவிட்டது மிஷின். கால் நிமிஷம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. கடலில் போகிற கப்பலில் படம் பார்த்துக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான்.

நாற்பதாயிரம் பச்சைப் புள்ளிக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு.

அந்த மொத்தக் கடலுக்கும் நெட் இருக்கிறது, தம்பி வீட்டுக்கு மட்டும் இல்லை. காரணம், அவனுக்குக் குறையே வரக் கூடாது என்று அவனுடைய அக்கா பார்த்துப் பார்த்துப் போட்ட கட்டு. மாற்று வழி வேண்டாம் என்று சொல்லிவைத்த இடத்தில் மிஷின் எப்படி வழி மாற்றும்? சொன்னதைக் கேட்டுக்கொண்டு மழையிலேயே நின்றது.

உடனே அவிழ்த்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மழை அலாரம் அடித்துவிட்டால், ஆளாளுக்கு எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று எல்லோர் கையையும் பூட்டிவிடுவார்களாம். அந்த நேரத்தில் எதையும் மாற்றுகிற அதிகாரம் ஒருவருக்குத்தான். யார் என்று சொல்ல வேண்டுமா? தேதி சாருக்கு.

பக்கத்து நாற்காலித் தோழி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். உள்ளே போய்த் தேடினாள். சோதனை என்று ஒரு கட்டு, பெயர் இல்லை, தேதி இல்லை. மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

தோழி கெட்டவள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாளாம்.

"சும்மா இரு. மழை இருபது நிமிஷத்துல விட்டுடும். தானா பச்சையாயிடும். யாருக்கும் தெரியாது."

மணி பத்து ஐம்பது. இருபது நிமிஷத்தில் விட்டால் பதினொன்று பத்து. விடாவிட்டால்? வாயைத் திறந்தால் வேலை போகலாம். மூடிக்கொண்டிருந்தால் வாலு போகலாம்.  எழுந்து நடந்தாள்.

தேதி சார் நின்றபடி மழை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு கட்டு அவுக்கணும்."

"யாரோடது?"

"என்னோடது."

"தேதி?"

"போடல சார்."

அவர் திரும்பினார்.

"யார் வீடு?"

"என் தம்பி வீடு."

6

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். எனக்குத் தேதி சாரின் மேல் நம்பிக்கை வரவில்லை.

முதல் எழுத்தில் அவரை வில்லனாகத்தான் எழுதினேன். [மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல்—] இப்படிப் போயிற்று. கையில் பெட்டியைக் கொடுத்து வேலையை விட்டே அனுப்புகிற காட்சிகூட எழுதிவிட்டேன். மருமகள் பென்சிலை எடுத்து அந்தப் பக்கம் முழுக்க ஒரு குறுக்குக்கோடு போட்டாள். அவருக்குக் கண்ணாடியே கிடையாது என்றாள். சரி, அப்படியானால் தெய்வம்போல ஒரு மனிதர், கண்கலங்கி அவள் தலையில் கை வைத்து ஆறுதல் சொல்கிறார் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் மடித்துவைத்த துணி சரிந்து விழுந்தது.

நடந்தது இவ்வளவுதான். அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார், பூட்டைத் திறந்தார், கட்டை அவிழ்த்தார். அதற்குப் பிறகு, எத்தனை மணிக்கு என்று கேட்டார். இவள் ஏன் வந்து நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தம்பி தத்து எடுக்கிறான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த சேதிதான். பதினோரு மணிக்கு என்றாள். பத்து ஐம்பத்தைந்து.

கட்டு அவிழ்ந்துவிட்டது. ஆனால் புள்ளி சிவப்பாகவே இருந்தது.

ஏன் தெரியுமா? அங்கே தம்பி சும்மா இருந்திருக்கமாட்டான் அல்லவா. வானம் பளிச்சென்று இருக்கிறது, நெட் மட்டும் இல்லை. மழை அளக்கிறவன், மழை எங்கேயோ பெய்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஏணி போட்டு ஏறி, தட்டை விசாரணைக்காகப் போட்டிருந்த நல்ல சட்டையின் முனையால் துடைத்திருக்கிறான். இறங்கி வந்து, எல்லா வீட்டிலும் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்திருக்கிறான்: அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். அணைத்துப் போட்டால் அந்தத் தட்டு வானத்தை முதலிலிருந்து தேடவேண்டும். பத்து நிமிஷம் ஆகும்.

பதினொன்று. பதினொன்று இரண்டு. தேதி சாரும் அவள் பின்னால் வந்து நின்றுகொண்டார். தோழி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினொன்று ஐந்து. பதினொன்று ஆறுக்குப் பச்சை.

ஆறு நிமிஷம் தாமதம். நீதிபதி அம்மா பேனாவை எடுத்து, இந்த வீடு பிள்ளைக்கு ஏற்றதில்லை என்று—

இல்லை, இல்லை. மன்னியுங்கள், பழைய எழுத்தாளர்களின் புத்தி என் கையில் தொற்றிக்கொண்டுவிட்டது. கோர்ட்டில் முந்தைய வழக்கு இழுத்துக்கொண்டே போனதாம். இரண்டு அண்ணன் தம்பி, ஒரு கிணறு. இவர்களைக் கூப்பிட்டபோது மணி பதினொன்று இருபத்தைந்து. லைன் போனதும் வந்ததும் அங்கே ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அந்தக் கிணற்றுக்காரர்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

அப்படியானால் அவள் ஒப்புக்கொண்டது வீண்தானே என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றாம் நிலையத்து மழை பன்னிரண்டரை வரை விடவில்லை.

7

பிறகு பார்த்துக்கொள்வோம் என்று நான்காம் பகுதியில் ஒரு வரியை வைத்துவிட்டுப் போனேன். இப்போது பார்த்துவிடலாம்.

எனக்குத் தெரியும். கட்டுப் போடச் சொன்னதே நான்தான்.

முதல் விசாரணை முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் மருமகள் முகம் தொங்கிப்போய் வந்தாள். நான் டீ கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "உன் கையிலதானே எல்லா வழியும் இருக்கு. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் போடுற. நம்ம பிள்ளைக்கு ஒரு நல்ல வழி போட்டுக் குடுக்கக் கூடாதா?" அவள் கூடாது என்றாள். நான் விட்டேனா? மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாள், அக்காங்கிறது பேச்சுக்குத்தான் போலிருக்கு என்று காதில் விழும்படி முனகினேன். நாலாம் நாள் அவள் கட்டினாள்.

மேலே எழுதியிருக்கிற பக்கங்களில் இது எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? பெயர் எழுதவேண்டிய இடத்தில் நானும் எழுதாமல்தான் விட்டிருந்தேன். மருமகள் தாளைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. உங்க பேரு எங்க அத்தை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்காததுதான் என்னைப் போட்டு வாட்டியது. இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதிவிட்டேன், தொண்டையில் சிக்கின முள் இறங்கினாற்போல இருக்கிறது.

அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாம். அடுத்த திங்கட்கிழமை தேதி சார் பட்டியலில் அந்தக் கட்டையும் சேர்த்து, எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படித்தார். யாருடையது? என்னுடையது. ஏன் போட்டாய்? தம்பிக்காக. மூன்று மாதத்துக்கு அவள் எந்தக் கட்டும் போடக் கூடாது, அவிழ்க்கவும் கூடாது என்று எழுதிவைத்தார். வேலை போகவில்லை. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவளுக்கோ, எட்டு வாரமாக ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்ததுபோல் இருந்ததாம். அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள். நானும் ஒரு போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

8

முடிவு.

ஒரு முடிவு எழுதிக் கிழித்தேன். அதில் லைன் வரவில்லை, வெள்ளிக்கிழமைக் கப்பல் வந்தது. வாலு படியில் ஏறும் வரைக்கும்கூட என்னால் எழுத முடியவில்லை. இன்னொரு முடிவில் நீதிபதி அம்மா ஒரு நீண்ட பிரசங்கம் செய்தார். குடும்பம் என்றால் என்ன, அன்பு என்றால் என்ன என்று. அவரை நான் பார்த்ததே இல்லை, அவர் வாயில் என் பேச்சைத் திணிப்பானேன்? மூன்றாவது முடிவில் பன்னிரண்டு மணிக்கு என் போன் அடிக்கிறது. அது உண்மையிலேயே அடித்தது. ஆனால் அதை எழுதினால் என்னைப் பற்றின கதையாகிவிடும்.

அதனால் மருமகளின் நாற்காலிக்கே போகிறேன். அவளுக்குத் தெரிந்தது மட்டும்.

பச்சை வந்ததும் தேதி சார் அவளிடம் சொன்னார்: "வேற எதையும் தொடாதே. அந்த ஒரு லைனைப் பாத்துக்கிட்டு உக்காரு." அது தண்டனையா கருணையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவளுக்கும்தான்.

உட்கார்ந்தாள். பதினொன்று இருபத்தைந்துக்கு எண் நான்கைத் தொட்டது. விசாரணை ஆரம்பம். நான்கு, மூன்று, ஐந்து, நான்கு. ஐந்தெல்லாம் வாலு. தம்பி மனைவி அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிற இடமெல்லாம் மூன்று. பேச்சு கேட்காது. படம் தெரியாது. வழி மாறியது, மிஷின் தன் இஷ்டத்துக்கு இரண்டு தடவை மாற்றியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எண் ஒரு சிணுங்கல்கூடச் சிணுங்கவில்லை. கட்டு இல்லாமலே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் தடவை உறைந்ததுகூட அன்றைக்கு இருந்த பழைய மென்பொருளின் கோளாறு, அதை ஐந்து வாரம் முன்னாலேயே சரிசெய்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஐந்து வாரமாக அந்தக் கட்டு சும்மாதான் கிடந்திருக்கிறது.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு எண் இறங்கியது. மூன்று. இரண்டு. ஒன்றுக்கும் கீழே.

மருமகள் எழுந்து நின்றுவிட்டாள். போச்சு என்று நினைத்தாள். தோழி அவள் கையைப் பிடித்துப் புள்ளியைக் காட்டினாள். பச்சை. லைன் இருக்கிறது. படம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. படத்தில் எதுவும் அசையவில்லை, அவ்வளவுதான். தம்பி அசையவில்லை. அவன் மனைவி அசையவில்லை. மூன்றாவது ஆளும் அசையவில்லை.

வாலு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மாதத்தில் அந்த எண் அப்படி இறங்கி அவள் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கம் யாரோ எதையோ படிக்கிறார்கள், இந்தப் பக்கம் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். தேதி சார் மழை வரைபடத்தை விட்டுவிட்டு வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றரை நிமிஷம்.

எண் ஒன்பதுக்கு ஏறியது.

ஒன்பதை அந்த லைனில் யாரும் கண்டதில்லை. இறங்கவும் இல்லை. ஒன்பது, ஒன்பது, எட்டரை, ஒன்பது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் தேதி சார்.

மருமகள் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியல சார். யாரோ குதிக்கிறாங்க."

இதற்கு மேலே எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பாதீர்கள், பன்னிரண்டு மணிக்குப் போனை எடுத்தவளே நான்தான். இருந்தாலும் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த வழியில் ஒரு தடவை தலையிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது போதும். தீவில் ஓர் ஓட்டு வீடு, ஒரு அறை, மூன்று பேர், ஒரு நாற்காலியாவது நிச்சயம் கவிழ்ந்திருக்கும். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.